கையெழுத்து கடைசியில்தான்: எல்லையோர வார்டில் சம்மதம் வாங்குவதும் ரகசியம் காப்பதும்

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, பீருமேடு, குமுளிப் பக்கமும் உள்ள மருத்துவமனைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் தமிழ்ச் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே நோயாளி தமிழ் பேசுவார், டாக்டர் மலையாளம் பேசுவார், படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மூன்றுக்கும் நடுவில் நிற்கப்போவது நீங்கள்.

சட்டத்தையும் அறநெறியையும் எல்லோரும் பாடத்தில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வார்டில் தடுமாறுவது வரிசையில். முதல் வேலையாகப் படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய்விடுகிறார்கள். பேனா நீண்டதும் நோயாளி கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன் பிறகு யாரும் எதையும் விளக்கப்போவதில்லை. எனவே இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்: இடம், ஆள், மொழி, டாக்டரின் பேச்சு, நோயாளியின் பதில், அதற்குப் பிறகு பேனா.

1. டூட்டிக்கு வரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

வார்டு அலமாரியில் என்னென்ன சம்மதப் படிவங்கள் இருக்கின்றன என்று முதல் வாரத்திலேயே பார்த்து வையுங்கள். அட்மிஷனின்போது கையெழுத்தாகும் பொதுச் சம்மதம் ஒன்று இருக்கும். அது உடல் பரிசோதனை, ஊசி, வழக்கமான ரத்தப் பரிசோதனை போன்றவற்றோடு நின்றுவிடும். அறுவை, மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுதல், கருக்கலைப்பு, கருத்தடை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சம்மதம் வேண்டும்.

தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் எழுத்தில் கேளுங்கள். அவசரத்துக்கு நீங்களே ஒரு தாளில் மொழிபெயர்த்து ஒட்டிவிட வேண்டாம். மருத்துவமனை பார்த்து ஏற்காத மொழிபெயர்ப்பில் ஒரு வரி தவறினாலும் அந்தத் தவறு உங்கள் கையெழுத்தில் நிற்கும்.

இன்னும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தனியாகப் பேச எந்த அறை கிடைக்கும்? எந்த ஷிஃப்டில் யாருக்குத் தமிழும் மலையாளமும் நன்றாகத் தெரியும்? டாக்டருடன் கருத்து வேறுபட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான விடையை, அது தேவைப்படும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

அடிப்படை விதி ஒன்று. சிகிச்சையை விளக்கிச் சம்மதம் பெறுவது அதைச் செய்யப்போகும் டாக்டரின் கடமை. செவிலியர் அந்தப் பேச்சு நடந்ததற்குச் சாட்சி, நோயாளிக்குப் புரிந்ததா என்று சோதிப்பவர், புரியவில்லை என்றால் நிறுத்துபவர். நாம் செய்யும் வேலைகளுக்கு, அதாவது கத்தீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்) போடுவது, எனிமா கொடுப்பது, மூக்குக் குழாய் இறக்குவது போன்றவற்றுக்கு, நாமேதான் கேட்க வேண்டும். இவற்றுக்குப் படிவம் இல்லாதது கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

2. முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

சம்மதத்துக்கு முன்னால் ரகசியம் வருகிறது. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. பக்கத்தில் ஆள் இருந்தால் நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். முன்பு நடந்த கருக்கலைப்பு, பாதியில் விட்ட காசநோய் மாத்திரை, தினமும் குடிக்கும் அளவு, எல்லாவற்றையும் மாமியார் எதிரிலோ மகன் எதிரிலோ மறைத்துவிடுவார். மறைத்ததை வைத்து மயக்க மருந்து டாக்டர் அளவைத் தீர்மானிப்பார்.

தோட்டப் பகுதியில் இது இன்னும் கடினம். ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் அடுத்த வீட்டுக்காரராகவே இருக்கலாம். இங்கே காதில் விழுந்த செய்தி மாலை வண்டியில் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. நடக்கக்கூடிய நோயாளியை டிரெஸ்ஸிங் அறைக்கு அழைத்துப் போங்கள். முடியாதவரிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பெயரையும் நோயையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காமல் பேசுங்கள்.

பைஸ்டாண்டரை, அதாவது நோயாளிக்குத் துணையாக இருப்பவரை, வெளியே அனுப்புவது தனிக் கலை. “ரகசியமாகப் பேச வேண்டும்” என்று சொன்னால் அவர் நகரமாட்டார். அப்படி என்ன ரகசியம் என்ற சந்தேகம்தான் மிஞ்சும். “அண்ணே, அக்காவைப் பரிசோதிக்க வேண்டும். பத்து நிமிடம் வெளியே இருங்கள், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்” என்றால் போய்விடுவார். எல்லா நோயாளிக்கும் இதையே செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் செய்தால் அதுவே செய்தியாகிவிடும்.

தனியாகக் கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “உங்கள் உடம்பைப் பற்றி யார் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது?” பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அட்மிஷன் அன்றே இதைக் கேட்டுவிட்டால், மூன்றாம் நாள் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு போன் வரும்போது நீங்கள் யோசித்து நிற்க வேண்டியதில்லை.

3. யாருடைய சம்மதம் என்று தீர்மானியுங்கள்

18 வயது முடிந்து, தெளிவான மனநிலையில் இருப்பவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். கணவர், மகன், அண்ணன் யாரும் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. குடும்பத்தார் உடன் கையெழுத்திடுவதை மருத்துவமனை விரும்பலாம். அது கூடுதல் கையெழுத்து, மாற்று அல்ல.

இதில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது: சமிரா கோலி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008. நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்காக (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் கேமராவால் பார்க்கும் முறை) மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம் என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, ஒரு சிகிச்சைக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. தியேட்டர் வாசலில் உறவினரிடம் இரண்டாவது படிவத்தை நீட்டச் சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருக்கலைப்பில் 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 1971ஆம் ஆண்டின் சட்டம் கணவரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. “வீட்டுக்காரர் வரட்டும்” என்று திருப்பி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. திரும்பிப் போனவர் எங்கே போவார் என்று யாரும் கேட்பதில்லை. அரசின் கருத்தடை அறுவை விதிகளிலும் துணைவரின் சம்மதம் கட்டாயமில்லை.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வாங்குகிறோம். ஆனாலும் 14 வயதுப் பையனுக்கு அறுவை என்றால் அவனிடமும் பேசுங்கள். அப்பா கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்காக அவனைப் பொருளைப் போலத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

சிறுமி கர்ப்பமாக வந்தால் வேறு கடமையும் சேர்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதே சமயம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கும் தகவலில் பெயரும் அடையாளமும் இருக்க வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயந்து வந்திருக்கும் தாயிடம் இதைச் சொல்ல வேண்டும். தெரிந்தால்தான் அவர் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பார்.

நினைவில்லாமல் கொண்டு வரப்பட்டவர், உயிர் போகும் நிலை, சம்மதம் சொல்லக்கூடிய எவரும் கூட இல்லை என்றால் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். வாளையாறு நெடுஞ்சாலையில் லாரி மோதியவரைத் தூக்கி வந்தால் படிவத்தையோ போலீசையோ எதிர்பார்த்து நிற்கக் கூடாது. உயிர்காக்கும் சிகிச்சைக்கு எந்தச் சம்பிரதாயமும் தடையாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஏன் காத்திருக்க முடியவில்லை என்பதை நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். அதே ஆள் நினைவு திரும்பியதும் அடுத்த சிகிச்சைக்கு அவரையே கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

4. மொழியை முடிவுசெய்யுங்கள்

மூன்று தலைமுறையாக மூணாறில் இருக்கும் தோட்டத் தொழிலாளி கடைவீதியில் மலையாளம் பேசுவார். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் மலையாளத்திலேயே அறுவையை விளக்குவார். நோயாளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் பெரும்பாலும் மரியாதைக்கானது. பாதி புரிகிற மொழி, அறவே புரியாத மொழியைவிட ஆபத்தானது. புரியவில்லை என்று இருவருக்குமே தோன்றாது. எனவே “உங்களுக்கு மலையாளம் தெரியுமா” என்று கேட்காதீர்கள், தெரியும் என்றுதான் சொல்வார்கள். “டாக்டர் எந்த மொழியில் சொன்னால் உங்களுக்கு நிம்மதி?” என்று கேளுங்கள்.

நமக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அட்டப்பாடியிலிருந்து வரும் இருளர் பேசுவது நம் காதுக்குத் தமிழ் போலவே கேட்கும். அதனால் நம் தமிழ் அவருக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களின் மொழி தெரிந்த சுகாதாரப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

யார் மொழிபெயர்ப்பது? வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம். மலையாளப் பள்ளியில் படிக்கும் பத்து வயது மகளை அம்மாவின் கருப்பை பற்றிப் பேசவைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் கொடுமை. பெரியவர்களான உறவினரும் வேண்டாம். அவர்கள் அன்பால் வடிகட்டுவார்கள்: டாக்டர் புற்றுநோய் என்பார், மகன் “சின்னக் கட்டியாம் அம்மா” என்பார். வார்டு துப்புரவுப் பணியாளரைக் கூப்பிடுவதும் சரியல்ல. அவர் அதே ஊர்க்காரராக இருப்பார், ரகசியம் காக்கும் பயிற்சியும் அவருக்கு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு மொழியும் தெரிந்த செவிலியர் அல்லது டாக்டர்தான் பொருத்தம். அந்த ஷிஃப்டில் ஆள் இல்லையென்றால் வேறு வார்டிலிருந்து கூப்பிடுங்கள், அதுவும் முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள்.

நீங்களே மொழிபெயர்த்தால் ஒரு வாக்கியம் முடிந்ததும் அதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை இரண்டு வரியில் சுருக்குவதும், “நல்ல டாக்டர், பயப்படாதீர்கள்” என்று சேர்ப்பதும் வேண்டாம். ஆபத்தைச் சதவீதத்தில் சொன்னால் “நூறு பேருக்குச் செய்தால் இத்தனை பேருக்கு” என்று மாற்றிச் சொல்லுங்கள். மொழிபெயர்த்தவரின் பெயர், பதவி, கையெழுத்து படிவத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரும் சாட்சியும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

5. டாக்டர் பேசும்போது உடன் இருங்கள்

“சிஸ்டர், நாளைக் காலை முதல் கேஸ். கையெழுத்து வாங்கி வையுங்கள்.” வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கேட்பீர்கள். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டர் சொல்லிவிட்டார் என்று தாமே போய், பாடத்தில் படித்ததை வைத்து அறுவையை விளக்கி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். நோயாளி கேட்கும் இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அறுவை செய்யப்போவது அவர்கள் இல்லை.

மறுக்கவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். “டாக்டர், நோயாளிக்குத் தமிழ்தான் தெரியும். நீங்கள் எப்போது பேச வருவீர்கள் என்று சொன்னால் நான் மொழிபெயர்க்கத் தயாராக இருக்கிறேன், படிவமும் எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லுங்கள். இதில் மறுப்பு எங்கும் தெரியாது. பத்தில் ஒன்பது டாக்டர்கள் நேரம் சொல்லிவிடுவார்கள். வராவிட்டால் ஹெட் நர்ஸிடம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தை எழுதுங்கள்.

டாக்டர் வந்து பேசும்போது ஆறு விஷயங்கள் வந்துவிட்டனவா என்று கவனியுங்கள்: என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், அதனால் என்ன பலன், பெரிய ஆபத்துகள் என்ன, வேறு வழி உண்டா, எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும். அரிதினும் அரிதான ஆபத்துகளையெல்லாம் அடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடைசி இரண்டும்தான் அடிக்கடி விடுபடும். அப்போது நோயாளியின் சார்பில் கேளுங்கள்: “டாக்டர், மாத்திரையில் சரிசெய்ய முடியாதா என்று அக்கா காலையில் கேட்டார்கள்.” டாக்டரைத் திருத்துவது போல இருக்காது; பதிலும் கிடைத்துவிடும்.

செலவைப் பற்றியும் இந்த நேரத்திலேயே பேச வேண்டும். கூலி நாளைக்கு ஒருமுறை எண்ணும் வீட்டில், எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்பதுதான் முதல் கேள்வி. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் யாரும் சொல்வதில்லை.

6. நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

“புரிந்ததா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாக, டாக்டர் போன பிறகு, தனியாக, இப்படிக் கேளுங்கள்: “அக்கா, நாங்கள் சரியாகச் சொன்னோமா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் எனக்குச் சொல்லுங்கள்.” சோதனை நமக்கு என்று ஆகிவிடுவதால் அவர் கூச்சப்படமாட்டார்.

கருப்பையில் நார்த்திசுக் கட்டி உள்ளவரிடம் கேட்டால் வரும் பதிலைப் பாருங்கள்: “வயிற்றில் இருக்கிற கட்டியை எடுக்கிறார்கள் சிஸ்டர், ஒரு வாரத்தில் கொழுந்து பறிக்கப் போகலாம்.” படிவத்தில் இருப்பதோ கருப்பை முழுவதையும் அகற்றுதல். கட்டி மட்டும் போகும் என்று நம்பிக் கையெழுத்திடப் போகிறவரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இந்தப் பதில் வந்தால் நீங்கள் விளக்கத் தொடங்காதீர்கள். டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள். “கருப்பையையே எடுப்பது அவருக்குப் புரியவில்லை டாக்டர்” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். “நோயாளிக்குச் சந்தேகம்” என்று பொதுவாகச் சொன்னால் “தைரியம் சொல்லுங்கள்” என்ற பதில்தான் வரும்.

மூன்று கேள்விகள் போதும். எதை எடுக்கப்போகிறார்கள் அல்லது என்ன செய்யப்போகிறார்கள்? தவறினால் என்ன ஆகலாம்? வேண்டாம் என்றால் என்ன ஆகும்? பிறகு நான்காவதாக ஒன்று: “இதைச் செய்துகொள்ள உங்களுக்கு விருப்பமா, இல்லை வீட்டில் சொன்னதால் ஒத்துக்கொண்டீர்களா?” பதில் உடனே வராது. காத்திருங்கள். குடும்பத்துக்காக ஒத்துக்கொள்வது தவறில்லை, பலருக்கு அதுதான் இயல்பு. மிரட்டலால் ஒத்துக்கொண்டிருந்தால் கண்ணைப் பார்த்தே தெரியும். அப்போது ஹெட் நர்ஸும் டாக்டரும் தெரிந்துகொண்டாக வேண்டும்.

7. இப்போது பேனா

நேரம் முக்கியம். அறுவைக்கு முன் கொடுக்கும் தூக்க மருந்து உள்ளே போன பிறகு வாங்கும் கையெழுத்து நிற்காது. தியேட்டர் டிராலியில் படுக்கவைத்த பிறகு வாங்குவதும், பிரசவ வலியின் உச்சத்தில் வாங்குவதும் அப்படியே. சிசேரியன் தேவைப்படலாம் என்று தெரிந்தால் வலி இல்லாத இடைவெளியில், முன்கூட்டியே பேச டாக்டரிடம் சொல்லுங்கள். முதியவர் என்றால் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

நிரப்பாத கட்டம் உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அறுவையின் பெயரைச் சுருக்கெழுத்தில் எழுதவிடாதீர்கள். இடதா வலதா என்பது முழுச் சொல்லாக இருக்க வேண்டும். தேதியோடு மணியும் வேண்டும், ஏனெனில் தூக்க மருந்துக்கு முன்னா பின்னா என்பதை மணிதான் சொல்லும்.

கைநாட்டு வைப்பவருக்குப் படிவம் முழுவதையும் படித்துக் காட்டி, காட்டினேன் என்று எழுத வேண்டும். எந்தக் கைப் பெருவிரல் என்பதையும், யாருடையது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தட்டுத்தடுமாறிப் பெயரை எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். நேரமாகிறது என்று விரலைப் பிடித்து மையில் அழுத்த வேண்டாம்.

சாட்சியாக நீங்கள் இடும் கையெழுத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது: இவர்தான் அந்த நோயாளி, என் கண்ணெதிரில், கட்டாயமின்றிக் கையெழுத்திட்டார். முந்தைய ஷிஃப்டில் வாங்கியதற்கு “நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்றால் போடக் கூடாது.

பிறகு கேஸ் ஷீட்டில் நான்கு வரி: யார் விளக்கினார், எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தார், நோயாளி திருப்பிச் சொன்னது என்ன. நோயாளியின் சொற்களை அப்படியே எழுதினால் பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

8. “வேண்டாம்” என்றால்

கையெழுத்திட்ட பிறகும், தியேட்டருக்குப் போகும் வழியிலும்கூட, நோயாளி மனம் மாறலாம். உடனே நிறுத்தி டாக்டருக்குச் சொல்லுங்கள். “கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே” என்று மடக்குவதும், “அப்புறம் செத்தால் எங்களைக் கேட்காதீர்கள்” என்பதும் நம் வாயில் வரக் கூடாதவை.

காரணத்தைக் கேளுங்கள். பலமுறை காரணம் அறுவையைப் பற்றியதாகவே இருக்காது. ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதாக இருக்கும். அது தீர்க்கக்கூடியது. தீராவிட்டால் மறுப்பை எழுத்தில் பதிவுசெய்து, மறுத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் விளக்கியதையும் எழுதி, மற்ற சிகிச்சையைத் தொடருங்கள். மறுத்தவருக்கு வலி மாத்திரை தாமதமாகப் போகக் கூடாது. டாக்டர் சொல்லைக் கேளாமல் வீட்டுக்குப் போகிறவருக்கும் மாத்திரை விவரமும், மறுபடி வரலாம் என்ற சொல்லும் கொடுத்து அனுப்புங்கள்.

9. எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தனி நடைமுறை

அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் எச்.ஐ.வி.யையும் சொல்லாமல் சேர்த்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இந்தப் பரிசோதனைக்கு நோயாளி விவரம் புரிந்து கொடுக்கும் சம்மதம் தேவை. முடிவை வெளியிடவும் அவர் சம்மதம் தேவை. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. முடிவை பைஸ்டாண்டர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர், கேஸ் ஷீட் அட்டையில் பெரிய எழுத்து, தனித் தட்டு: இவையெல்லாம் அறிவிப்புப் பலகைகள். கையுறையும் ஊசி பாதுகாப்பும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். அப்படிச் செய்தால் ஒருவரை மட்டும் அடையாளமிடத் தேவை வராது. கணவருக்கோ மனைவிக்கோ சொல்ல வேண்டிய நிலை வந்தால் அதற்குச் சட்டம் டாக்டருக்கும் ஆலோசகருக்கும் வரையறுத்த வழி வைத்திருக்கிறது. செவிலியர் தாமாக எடுக்கும் முடிவல்ல அது.

10. அன்றாடம் ரகசியம் கசியும் இடங்கள்

போன்: வார்டு எண்ணுக்கு அழைத்து “என் அக்கா எப்படி இருக்கிறார்” என்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பெயரில் ஆள் இருக்கிறார் என்று சொல்வதே சில நேரம் கசிவு. “விவரம் போனில் சொல்வதில்லை. அவருடன் இருப்பவரிடம் உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன்” என்று முடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் அலுவலகம்: விடுப்புச் சான்றிதழில் எத்தனை நாள் ஓய்வு, எப்போது வேலைக்குத் தகுதி என்பவை போதும். சூப்பர்வைசர் நேரில் வந்து “என்ன வியாதி சிஸ்டர்” என்று நட்பாகக் கேட்பார். “அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் சார்” என்று நீங்களும் நட்பாகச் சொல்லுங்கள். கர்ப்பம், காசநோய், மனநலச் சிகிச்சை ஆகியவை வெளியே தெரிந்தால் வேலைப் பங்கீட்டிலேயே மாற்றம் வரும். மனநலச் சிகிச்சை பெறுவோரின் ரகசியத்துக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனி உரிமையே கொடுத்திருக்கிறது.

வாட்ஸ்அப்: புண்ணின் படத்தை டாக்டருக்கு அனுப்ப நேர்ந்தால் நோயாளியிடம் கேட்டு, முகமும் பெயர்ப்பட்டையும் தெரியாமல் எடுத்து, மருத்துவமனை அனுமதித்த வழியில் மட்டும் அனுப்புங்கள். டூட்டி குழுவில் போட வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள். உங்கள் போனின் கேலரியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

ஹேண்டோவர்: கட்டிலருகே நின்று செய்யும் ஒப்படைப்பு நல்ல வழக்கம்தான். ஆனால் நோயாளி சொல்லக் கூடாது என்று கேட்டதை மேசைக்குத் திரும்பிய பிறகு பேசுங்கள்.

சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு. காசநோய் 2012 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். போக்சோ, மருத்துவச் சட்ட வழக்குகள் (விபத்து, தாக்குதல் போன்றவை), நீதிமன்ற ஆணை ஆகியவையும் அப்படித்தான். அறிவிக்கும் முன் நோயாளியிடம் “இதை அரசுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஊருக்கு அல்ல” என்று சொல்லிவிடுங்கள். போலீஸ் கேட்டால் கேஸ் ஷீட்டை எடுத்து நீட்ட வேண்டாம். பதிவேட்டுப் பிரிவும் டாக்டரும் கொடுக்கட்டும்.

நோயாளியே தன் பதிவுகளைக் கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. பதிவேட்டுப் பிரிவு எங்கே, விண்ணப்பம் எப்படி என்று வழிகாட்டிவிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம், தேனிக்கோ கோயம்புத்தூருக்கோ, அடுத்த சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும்.

தகவல் கசிந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றே ஹெட் நர்ஸிடம் சொல்லி, நிகழ்வு அறிக்கை எழுதுங்கள். யார் மூலம் போனது என்று வார்டில் விசாரிக்கத் தொடங்கினால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, சீருடைப் பையைப் பாருங்கள். கட்டில் எண், பெயர், நோய், மருந்து எல்லாம் எழுதிய ஹேண்டோவர் தாள் அதில் மடித்துக் கிடக்கும். அதோடு பஸ் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். டூட்டி முடிந்ததும் வார்டிலேயே துண்டாக்கும் இயந்திரத்தில் போடுங்கள். இயந்திரம் இல்லாத இடத்தில் பெயர்கள் படிக்க முடியாதபடி கிழித்துவிட்டுக் கிளம்புங்கள்.